வலது முன் சில்லில் ஒரு டொக்

அவரைக் கதிரையில் இருத்தி ஒரு முழுத் தேத்தண்ணி குடிக்க வைத்தவர் மன்னாரில் எவரும் இருந்ததாக நான் கேள்விப்படவில்லை. கடைக்கு வருவார், கதிரையின் நுனியில் இருப்பார், ஒரு மிடறு குடிப்பார். தெருவில் ஒரு லொறி போகும். உடனே கிளாஸ் மேசையில், ஆள் தெருவில். லொறி வளைவில் மறையும்வரை தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு நிற்பார். திரும்பி வந்து, "பின் வில்லில ஒரு தகடு உடைஞ்சு போச்சு. ஓடுறவனுக்குத் தெரியாது" என்பார். அந்த லொறியும் எங்களுடையதில்லை, பாரம் தாங்குகிற அந்த வில்லும் எங்களுடையதில்லை. ஆனாலும் யாரிடமாவது சொல்லாவிட்டால் அவருக்கு அடுத்த மிடறு இறங்காது.

மெலிந்த ஆள். சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருப்பார். கையில் எப்போதும் ஒரு முழ நீளத்தில் இரும்புக் கம்பி. அதன் ஒரு நுனியை வண்டியின் இரும்பில் ஊன்றி, மறு நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு கண்ணை மூடுவார். "காது சில நேரம் பொய் சொல்லும் டிரைவர், பல்லு சொல்லாது" என்பார். நானும் ஒருமுறை கடித்துப் பார்த்தேன். துருவின் ருசிதான் வந்தது.

பெயரைச் சொல்லப் போவதில்லை. அவருடைய பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் அனுமதி கேட்க எனக்கு முகமில்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும். எனக்கு இரண்டு வயது மூத்தவர், முஸ்லிம், அதனால் அண்ணன் என்கிற முறையில் நானா என்று கூப்பிட்டேன். அவர் என்னை டிரைவர் என்றார். மன்னாரில் அந்தக் காலத்து ஆட்களுக்கு இவ்வளவும் போதும், யாரென்று விளங்கிவிடும்.

அவருக்குக் கராஜ் என்று ஒன்று இருக்கவில்லை. ஒரு வேப்பமரம், அதன் கீழே ஒரு மரப்பெட்டி, பெட்டி நிறைய நட்டுக் கழற்றும் சாவிகள். பெயர்ப்பலகையும் இல்லை. அவருடைய காதை நம்பித்தான் வாகனங்கள் வந்தன. அடம்பனிலிருந்து நெல் ஏற்றிவரும் லொறிக்காரர்கள்கூட ஆஸ்பத்திரிக்கு வருகிறமாதிரி வந்து வரிசையில் நிற்பார்கள். நானா ஒரு வண்டியைச் சுற்றி வந்து "ஓடலாம்" என்றால் ஓடலாம். அந்த ஒரு சொல்லில்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது.

அவருடைய சகோதரி மகளின் கலியாணத்துக்கு என்னையும் அழைத்திருந்தார். ஒரு பெரிய சகன் தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்து சாப்பிடுகிற பந்தி. எல்லோரும் கை வைத்தாயிற்று. வெளியே ஒரு கார் பிரேக் போட்டது. நானா சோற்றுக் கையோடு எழும்பிப் போய்விட்டார். மற்ற ஐந்து பேரும் சோற்றில் கை வைத்தபடி காத்திருந்தோம், ஆறாமவரை விட்டுவிட்டுச் சாப்பிடுவது முறையில்லை என்று. இறைச்சி ஆறிப்போயிற்று. அவருடைய மச்சான்காரர் சொன்னார்: "இவர் மவுத்தானாலும் பாருங்கோ, சந்தூக்குப் பெட்டியில வச்சுக் கொண்டுபோகேக்க ஒரு சத்தம் கேட்டா நிப்பாட்டச் சொல்லி எழும்புவார்." எல்லோரும் சிரித்தோம். திரும்பி வந்தவர் எதற்குச் சிரிக்கிறோம் என்று கேட்கவே இல்லை. "முன் பிரேக்கில மண்" என்று மட்டும் சொல்லிவிட்டு இருந்தார்.

நான் பேசாலையில் கத்தோலிக்க மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவன். கடல் எனக்கு ஒத்துவரவில்லை. வாந்தி. அதனால் சுக்கானைவிட்டுச் சுக்கானுக்கே வந்தேன். வாகனத்தின் ஸ்டியரிங்கை நான் சுக்கான் என்றுதான் சொல்வேன். எங்கள் பங்குச் சுவாமியிடம் வான் ஓட்டுகிற வேலை கிடைத்தது. அது சாதாரண வான் இல்லை. ஒரு வெள்ளைக்காரத் தம்பதி ஐரோப்பாவிலிருந்து தரைவழியாக ஓட்டி வந்து, இராமேஸ்வரத்தில் கப்பலேற்றித் தலைமன்னாரில் இறக்கிய வான். உள்ளே இரண்டு கட்டில், ஒரு சின்ன அடுப்பு, முகம் கழுவ ஒரு தொட்டி, சுவர் முழுக்க அலுமாரி. ஊரில் வீட்டு வான் என்றார்கள். கணவனுக்குச் சுகமில்லாமல் போக, அவர்கள் வானைச் சுவாமியிடம் கொடுத்துவிட்டு விமானத்தில் ஊருக்குப் போனார்கள். சுவாமி அதை ஓடுகிற மருந்துச்சாலை ஆக்கினார். ஓய்வுபெற்ற ஓர் அப்போதிக்கரி ஐயா, டொக்டருக்கு அடுத்த படி, கட்டிலில் நோயாளியை இருத்திப் பார்ப்பார்; அலுமாரிகளில் மருந்துப் போத்தல்கள். ஒரு கிழமை அடம்பன் பக்கம், மறு கிழமை முசலிக் கரையோரமாக முள்ளிக்குளம் வரை.

வெளிநாட்டு வான் என்பதால் சுக்கான் இடது பக்கம். சாமான் இறக்குமதி இல்லாத காலம். ஒரு ஆணி போனாலும் அதே ஆணி கிடைக்காது.

இரண்டாம் வருடம் அந்தச் சத்தம் தொடங்கியது. முதலில் பள்ளத்தில் விழுந்தால் மட்டும். பிறகு வளைவிலும். முசலிப் பக்கத்துப் பிள்ளைகள் எங்களைக் கண்டதும் "டொக்டொக் டொக்டர் வாறார்" என்று பின்னால் ஓடிவரத் தொடங்கினார்கள். அப்போதிக்கரி ஐயாவுக்கு மானம் போயிற்று. வானை நானாவிடம் கொண்டுபோனோம்.

"சத்தம் ஒண்டு கேக்குது" என்றேன்.

"சத்தம் எண்டா எல்லாம் சத்தம்தான். வாயால செய்து காட்டுங்கோ."

நான் செய்து காட்டினேன். அவருக்குத் திருப்தியில்லை. அப்போதிக்கரி ஐயாவைப் பார்த்து, "ஐயா, நீங்கள் ஒருக்கா" என்றார். வெள்ளைக் காற்சட்டை, தங்கக் கண்ணாடி, நாற்பது வருடம் அரசாங்க ஆஸ்பத்திரி. அந்த மனிதர் வேப்பமரத்தின் கீழ் நின்று "டொக்" என்றார்.

"டக்கோ, டொக்கோ?"

"டொக்."

"நாக்கில இருந்து வருதோ, நெஞ்சில இருந்து வருதோ? சாப்பாட்டுக்குப் பிறகோ முன்னமோ எண்டு நீங்கள் கேக்கிறனீங்கள்தானே, அப்பிடித்தான். திரும்பேக்கயோ, விழேக்கயோ, பிரேக் அடிக்கேக்கயோ?"

"நீர் என்னை நோயாளி ஆக்கிப்போட்டீர்" என்று ஐயா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நானாவுக்கு ஒரு கணக்கு இருந்தது. டக் என்றால் றப்பர், டொக் என்றால் இரும்போடு இரும்பு, கிறீச் என்றால் வறட்சி. விழும்போது வந்தால் வில்லையும் அதன் கட்டுகளையும் பார்க்க வேண்டும். நின்ற இடத்திலேயே சுக்கானை ஆட்டும்போது வந்தால் சுக்கான் தண்டைப் பார்க்க வேண்டும். இரண்டிலும் வந்தால் சில்லைத் தாங்குகிற உருண்டை மூட்டு, போல் ஜொயின்ற் என்பார்கள், அதைச் சந்தேகப்பட வேண்டும். ஆனால் வீட்டு வானில் இந்தக் கணக்கு இலகுவில் பலிக்கவில்லை. வண்டி போடும் சத்தத்தைவிட வீடு போடும் சத்தம் அதிகம். அலுமாரிக் கதவு அடிக்கும், கரண்டி கிலுங்கும், போத்தலோடு போத்தல் முட்டும். "முதல்ல வீட்டின்ர வாயை மூடவேணும்" என்றார். ஒரு முழுநாள் மருந்துப் போத்தல்களைப் பழைய சாரத் துண்டுகளில் சுற்றினோம். கதவுகளைக் கயிற்றால் கட்டினோம். கட்டில் பலகைகளைக் கழற்றி மரத்தில் சாத்தினோம். இருமல் மருந்து எது, காய்ச்சல் மருந்து எது என்று அதன்பிறகு ஒரு வாரம் ஐயாவுக்குத் தெரியவில்லை.

அதிலும் நான் ஒரு கூத்துப் பண்ணினேன். எந்தப் பக்கம் என்று நானா கேட்டபோது, "டிரைவர் பக்கம் இல்லை, மற்றப் பக்கம்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணிக்குப் போய்விட்டேன். இலங்கையில் டிரைவர் பக்கம் என்றால் எவருக்கும் வலதுதான். நான் திரும்பி வருவதற்குள் மனிதர் இடது சில்லைக் கழற்றித் துடைத்து, ஒரு பிழையும் இல்லை என்று திகைத்துக்கொண்டு நின்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து என்னிடம் பேசும்போது சோத்துக்கைப் பக்கம், பீச்சாங்கைப் பக்கம் என்றுதான் சொல்வார்.

உண்மையைச் சொல்கிறேன், அவரோடு பழகிய பிறகு எனக்கு நிம்மதி போய்விட்டது. வீட்டில் படுத்தால் கிணற்றுக் கப்பி கேட்கும். ஓலைக் கூரைக்குள் என்னவோ கேட்கும். "அது என்ன சத்தம்?" என்று நான் எழும்பி இருக்க, என் மனைவி, "நானாவோட சேர்ந்து உங்களுக்கும் பிடிச்சிட்டுது" என்பாள். வான் ஓட்டும்போது அவர் பக்கத்தில் இருந்தால் இன்னும் மோசம். அரை மைலுக்கு ஒருதரம் "நிப்பாட்டுங்கோ". இறங்குவார், கம்பியைக் கடிப்பார், ஏறுவார், "போங்கோ". மறுபடியும் "நிப்பாட்டுங்கோ". எனக்குக் கோபம் தலைக்கு ஏறும். மாட்டுவண்டிக்காரன்கூட எங்களை முந்திப் போவான்.

ஆனால் அந்த மனிதரின் காதில் எனக்குச் சந்தேகம் வந்ததே இல்லை. திருக்கேதீஸ்வரத்தில் ஒரு திருவிழா நாள். சனத்துக்கு மருந்து கொடுக்க எங்கள் வானும் போயிருந்தது, நானாவும் தொற்றிக்கொண்டு வந்திருந்தார். ஒரு பஸ் நிறையச் சனத்தோடு எங்களைத் தாண்டிப் போனது. இவர் ஓடினார். செருப்பு ஒரு பக்கம், சாரம் ஒரு பக்கம். பஸ்ஸை முந்திக்கொண்டு தெரு நடுவில் கையை விரித்துக்கொண்டு நின்றார். பஸ்காரன் வாயில் வந்தபடி ஏசினான். அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை, பஸ்ஸின் கீழே புகுந்துவிட்டார். சுக்கான் தண்டை இறுக்கி வைத்திருக்கும் நட்டு அரைவாசி கழன்று தொங்கியது. அதைப் பூட்டி, ஒரு கம்பித் துண்டால் முறுக்கிக் கட்டிவிட்டு வெளியே வந்தார். பஸ்காரன் பஸ்ஸில் ஏறிக்கொண்டான். நன்றிகூடச் சொல்லாமல் போய்விட்டான். நானா திரும்பி வந்து, "டிரைவர், என்ர தேத்தண்ணி எங்க?" என்றார். நான் குடித்து முடித்திருந்தேன்.

வீட்டு வானின் வலது பக்கத்தைத் தீர்க்கமாகப் பார்த்து அவர் முடிவு சொன்னார். போல் ஜொயின்ற் தேய்ந்திருக்கிறது என்று நினைக்கிறார். கழற்றினால்தான் நிச்சயம். கழற்றினால் அதற்கு ஈடு ஒன்றை வேறு வாகனத்திலிருந்து எடுத்துக் கடைந்து பொருத்த வேண்டும். "ரெண்டு கிழமை விட்டிட்டுப் போங்கோ. அதுவரைக்கும் ஓடாதேங்கோ."

எனக்கு இரண்டு கிழமை இல்லை. என் மனைவியின் ஊர் முள்ளிக்குளம். அவளுடைய தங்கைக்கு மாதம் நெருங்கியிருந்தது. தலைப்பிள்ளை. அடுத்த பயணத்தில் அவளை மன்னாருக்குக் கூட்டிவந்து ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வைத்திருப்பதாக நான் வாக்குக் கொடுத்திருந்தேன். அதைவிட, உள்ளதைச் சொன்னால், எனக்கு அந்தச் சத்தமும் அலுத்துவிட்டது, அந்த மனிதரும் அலுத்துவிட்டார். நாளைக்குக் கழற்றத் தொடங்குவோம் என்று அவர் சொல்ல, நான் வானை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

எங்கள் அப்பாவுக்கு வள்ளத்தில் எந்தச் சத்தம் கேட்டாலும் மருந்து ஒன்றுதான். சுறா எண்ணெய். ஈரலை உருக்கி எடுத்துப் பானையில் வைத்திருப்போம். பலகை முனகினாலும், சுக்கான் கிறீச்சிட்டாலும், வழிய வழியப் பூசுவார். மரம் எண்ணெயைக் குடிக்கும், சத்தம் நிற்கும். பேசாலையில் பிறந்த எவனுக்கும் கை தானாக அந்தப் பானைக்குத்தான் போகும். அன்று மத்தியானம் ஊர் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தபோது, நான் வானின் கீழே மல்லாந்து கிடந்து தேங்காய்ச் சிரட்டையால் அள்ளி அள்ளி ஊற்றினேன். மூட்டில் ஊற்றினேன், அதைச் சுற்றியிருந்த றப்பர் புஷ்களுக்கும் ஊற்றினேன். மரம் எண்ணெயைக் குடித்தால் உறுதியாகும், றப்பர் குடித்தால் ஊதிப் பிறகு பிய்ந்து போகும் என்பது எனக்குத் தெரியாது. மறுநாள் காலையில் வானை எடுத்தேன். பள்ளத்தில் விழுத்தினேன். வளைத்தேன். ஒரு சத்தமும் இல்லை. வேறு எந்த ஊராயிருந்தாலும் வானுக்குக் கிட்ட வந்தவன் மூக்கைப் பொத்தியிருப்பான். மன்னாரில் அந்த மணத்தை யார் கவனிப்பார்கள்?

நானா வந்து கோட்டைத் தெருவில் மூன்று தரம் ஓட்டச் சொன்னார். கம்பியைக் கடித்தார். துப்பினார். மறுபடி கடித்தார்.

"சத்தம் எங்க டிரைவர்?"

"போயிட்டுது நானா."

"தானாப் போகாது. ஒளிச்சிருக்கு."

சுவாமி குடியிருக்கிற அறைவீட்டு முற்றத்தில் அவரும் அப்போதிக்கரி ஐயாவும் நின்றார்கள். கழற்றிப் பார்த்தே ஆகவேண்டும் என்று நானா சொன்னார். இல்லாத சத்தத்துக்கு ஏன் கழற்ற வேண்டும் என்று சுவாமி கேட்டார். "சில நோய் தானாவும் மாறும்" என்றார் ஐயா, டொக் என்று சொல்ல வைத்த கோபம் இன்னும் ஆறாமல். நானும், "சத்தம்தான் இல்லையே நானா" என்றேன். நானா எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் இவ்வளவு தடுமாறி நான் கண்டதில்லை. கடைசியில், "சரி. ஓடலாம். ஆனா நானும் வாறன்" என்றார்.

முள்ளிக்குளம் போகும்வரை அவர் வலது முன் சில்லுக்கு மேலே, தரையில் இருந்தபடி வந்தார். கம்பி வாயில். எத்தனை தரம் நிறுத்தச் சொன்னார் என்று எண்ணவில்லை. ஒரு தரம் இறங்கி நின்று, என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "டிரைவர், நீங்கள் இதில ஏதும் செய்தனீங்களோ?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார், குற்றம் சாட்டுகிற குரலில் இல்லை.

"நான் என்னத்தச் செய்யிறது நானா? எனக்கு என்ன தெரியும்?"

அவர் தலையை ஆட்டிவிட்டு ஏறினார். அந்தக் கேள்விக்கு நான் உண்மை சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. தெருவோரத்தில் ஒரு ஜக்கைப் போட்டு வானைத் தூக்கியிருந்தால் அரை மணித்தியாலத்தில் விஷயம் தெரிந்திருக்கும்.

திரும்பும்போது வானில் பாரம். மச்சாள், அதாவது மனைவியின் அந்தத் தங்கை, அவளுடைய தாய், ஆஸ்பத்திரிக்கு வருகிற இன்னும் மூன்று பேர். நானா என் தோளைப் பிடித்து, "மெல்லமாப் போங்கோ. கெஞ்சிக் கேக்கிறன்" என்றார். எரிச்சலோடு மெல்லமாகவே ஓட்டினேன். வங்காலை தாண்டி, மன்னார்ப் பாலத்துக்கு இன்னும் கொஞ்சத் தூரம். பின்னாலிருந்து அவர் கத்தினார்: "நிப்பாட்டுங்கோ! இப்ப!" அந்தக் குரலுக்கு என் கால் தானாகப் பிரேக்கில் போனது. அடுத்த நொடி சுக்கான் என் கையில் வெறுமையாகச் சுற்றியது. வலது முன் சில்லு வெளியே மடங்கியது. வான் மூக்கைக் குத்திக்கொண்டு மணலில் இறங்கிச் சாய்ந்து நின்றது.

மச்சாளுக்கு ஒன்றும் நடக்கவில்லை. நானா அவளை இரண்டு கையாலும் கட்டிலோடு அழுத்திப் பிடித்திருந்தார். போத்தல்கள் எல்லாம் போயின. அப்போதிக்கரி ஐயா மருந்து அலுமாரியைத் தாங்கப் போய் அதனோடு விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். இன்னும் பத்து நிமிடம் போயிருந்தால் பாலத்தில் நின்றிருப்போம். இரண்டு பக்கமும் கடல்.

நானா கீழே புகுந்தார். வெளியே வந்தபோது விரல்களில் கறுப்பாக ஏதோ பிசுபிசுத்தது, ஊறிப் பிய்ந்த றப்பர். அதை மூக்கருகே கொண்டுபோனார். என்னைப் பார்த்தார்.

"சுறா" என்றார்.

அவ்வளவுதான். பிறகு திரும்பிப் போய் மச்சாளின் தாயைக் கைபிடித்து இறக்கினார்.

மூன்றாம் நாள் சுவாமி எங்களை அறைவீட்டுக்குக் கூப்பிட்டார். ஐயாவின் கை கட்டுப்போட்டுத் தொங்கியது. மருந்துச்சாலை இரண்டு மாதமாவது நிற்கும். சுவாமிக்கு ஆத்திரம்.

"வான் ஓடலாம் எண்டு சொன்னது ஆர்?"

"நான்தான் சுவாமி" என்றார் நானா.

"அப்ப பிழை ஆரின்ர?"

"என்ர பிழை."

சுவாமி என் பக்கம் திரும்பினார். "உனக்கு ஏதும் சொல்லக் கிடக்கோ?"

"இல்லைச் சுவாமி" என்றேன்.

வானை வேறு ஊரிலிருந்து வந்த ஒரு மெக்கானிக் எடுத்தார். செய்தி பரவ ஒரு கிழமை போதும். "நானாவுக்குக் காது அடைச்சுப்போச்சாம், கூட இருந்துகொண்டே கேக்கேல்லையாம்." அடம்பன் லொறிகள் ஸ்டேஷன் பக்கத்துக் கராஜுக்குப் போகத் தொடங்கின. அவர் ஒரு வண்டியை மறித்து ஏதாவது சொன்னால், "முள்ளிக்குளம் வானிலயும் இப்பிடித்தானே கேட்டனீங்கள்?" என்று சிரித்துவிட்டுப் போனார்கள். வேப்பமரத்தின் கீழே பெட்டி மட்டும் இருந்தது. நான் அந்தத் தெருவைத் தவிர்த்து வேறு தெருவால் ஓட்டினேன்.

ஒரு வருடம் இப்படியே போயிற்று. மச்சாளின் பிள்ளை தவழ்ந்து எழும்பி நடக்கத் தொடங்கிவிட்டது. ஒருநாள் தாங்க முடியாமல் அவரிடம் போனேன். ஒரு சைக்கிள் சில்லைச் சுழலவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். சைக்கிள் மட்டுந்தான் வந்திருந்தது.

"என்னை ஏன் காட்டிக் குடுக்கேல்ல நானா?"

சில்லைக் கையால் நிறுத்தினார். "உங்களுக்காக நான் பழியை எடுக்கேல்ல. ஒளிச்சிருக்கு எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டும் நீங்கள் மூண்டு பேரும் சொன்னதைக் கேட்டு ஓடலாம் எண்டன். அது என்ர பிழை. அதைச் சொன்னன். உங்கட பிழை உங்களிட்டக் கிடக்கு. அதை நான் சொன்னா கோள். நீங்கள்தான் சொல்லவேணும்."

"சொல்லுறன்."

"எப்ப?"

"வாற ஞாயிறு."

ஞாயிற்றுக்கிழமை நான் போனேன். எங்கள் கோயிலுக்கு இல்லை, வேறு ஊர்க் கோயிலுக்கு. என் குரலைத் தெரியாத ஒரு குருவானவரிடம், பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சுறா எண்ணெய், நானா கேட்ட கேள்வி, அறைவீட்டில் நான் சொன்ன "இல்லை". ஒன்றும் மறைக்கவில்லை. அங்கே சொன்னதைக் குருவானவர் செத்தாலும் வெளியே சொல்லமாட்டார். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அங்கே போனேன். ஐந்து பரமண்டல மந்திரம் அபராதமாகத் தந்தார். செபித்துவிட்டு எழும்பியபோது முதுகில் இருந்த மூட்டை இறங்கியதுபோல் இருந்தது.

மறுநாள் நானா என்னைத் தெருவில் மறித்தார்.

"சொன்னீங்களோ?"

"சொன்னன் நானா. எல்லாம் சொன்னன்."

பொய்யில்லைத்தானே? அவருடைய முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். ஒரு இடத்தில் நிற்க முடியாத மனிதர், அப்படியே நின்றார். "அப்ப சுவாமி வானை இனி அனுப்புவார்" என்றார்.

அன்று பின்னேரமே சாவிகளை எல்லாம் எடுத்து எண்ணெய் போட்டுத் துடைத்து மரத்தடியில் அடுக்கி வைத்தாராம். சுவாமியின் வான் அவரைத் தாண்டி ஸ்டேஷன் பக்கம் போகும்போதெல்லாம் எழும்பி நிற்பார். அந்தத் தெருவை இன்னும் தவிர்த்தால் அவருக்குச் சந்தேகம் வருமென்று அதிலேயே ஓட்டியது நான்தான். நான் நேராகப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். மாதக் கடைசியில் ஒருநாள் சைக்கிளை உருட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை.

"நீங்கள் சொல்லியும் சுவாமி நம்பேல்லைப் போல" என்றார். "பரவாயில்லை டிரைவர். நீங்கள் உங்கட கடமையைச் செய்திட்டீங்கள். அல்லாஹ் உங்களுக்குப் பரக்கத் செய்யட்டும்."

அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. மாரி தொடங்க முன்னம் புத்தளத்துக்கு, மகளின் வீட்டோடு போய்விட்டார். பெட்டியை யாருக்கோ கொடுத்துவிட்டுப் போனார் என்று கேள்விப்பட்டேன். சுவாமியும் மாற்றலாகிப் போனார். புத்தளத்தில் நானா மவுத்தான செய்தி எனக்கு வந்தது, அடக்கம் முடிந்து நாற்பது நாளுக்குப் பிறகு.

தொட்டியில் சொன்னது கடவுளுக்கு. இது மன்னாருக்கு. வீட்டு வானின் வலது முன் சில்லுக்குச் சுறா எண்ணெய் பூசியது நான். நானாவின் காதில் ஒரு பிழையும் இருக்கவில்லை.